பச்சை லைட் எரியும் வரை

ஏமாந்தான்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அதிலிருந்து ஒரு எழுத்தைக்கூடக் குறைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த கொம்பையாவுக்குக் கல்யாணம் கூடி வந்ததே பெரிய விஷயம். அதிலும் பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை சொந்த வண்டியில வந்து இறங்கணும். இல்லேன்னா பொண்ணு கிடையாது."

கொம்பையா ஆடுகளையெல்லாம் விற்றுப் பழைய பேட்டரி ஆட்டோ ஒன்றை வாங்கினான். சார்ஜர் எங்கே என்று கேட்கத்தான் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டி அசையாமல் நின்றுவிட்டது.

பேட்டரியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று போட்டிருந்தது. தாய்மாமன் பேச்சிமுத்து தன் செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து வோல்ட்.

"பத்தைச் சேத்துக் கட்டினா அம்பது வந்துரும், மாப்ளே."

"ரெண்டு கூடுதே மாமா, வெடிச்சிராதா?"

மாமா தாடையைத் தடவினார். "கடைசிச் சார்ஜரை முழுசாச் சொருகாத. லேசா வெளியே நிக்கட்டும்."

ஊரில் பத்துச் சார்ஜர் வாங்கி, சேர்த்துக் கட்டிச் சொருகியதும் படீரென்று ஒரு சத்தம். ஒன்பது கருகின. லேசாகச் சொருகியது மட்டும் பிழைத்துக்கொண்டது.

"பாத்தியா? பத்தையும் அப்படித்தான் சொருகியிருக்கணும்" என்றார் மாமா.

கதையைக் கேட்ட டவுன் பேட்டரிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இது ஆசிட் பேட்டரி, அண்ணாச்சி. செல்போன் சார்ஜரும் ஆகாது, லித்தியம் சார்ஜரும் ஆகாது. இதுக்குன்னே உள்ளதைத் தாரேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. பச்சை லைட் எரியற வரைக்கும் பிளக்கைப் பிடுங்கப்படாது."

விடிந்தது. லைட் சிவப்பாகவே இருந்தது. முகூர்த்தம் நெருங்கியது.

"பிடுங்கிரட்டுமா மாமா?"

"பிடுங்கப்படாதுன்னு சொன்னாருல்லா? போவப்படாதுன்னா சொன்னாரு?"

மைக்செட்காரரிடம் இருந்த வயரையெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கி நீட்டினார்கள். கொம்பையா பட்டுவேட்டியோடு வண்டியில் ஏறி உட்கார, ஊரே பின்னால் நின்று தள்ளியது. ஓடை தாண்டியாயிற்று, பெண் வீட்டுப் பந்தலும் தெரிந்தது. அங்கே வயர் தீர்ந்துபோனது.

"இறங்கி நடந்துரட்டுமா?" என்றான் கொம்பையா, அழாத குறையாக.

"வண்டியில வந்து இறங்கணும்னா, பந்தல் வாசல்லதாம்ல இறங்கணும். நடுரோட்டுல இறங்கினா கணக்குல வருமா?" என்றார் மாமா.

கூட்டம் தீவிரமாக யோசித்தது. கடைசியில் ஆளாளுக்கு ஒரு கால் பிடித்துப் பந்தலைத் தூக்கி வந்து வண்டியின் முன்னால் நட்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் பின்னாலேயே நடந்து வந்தார். கொம்பையா இறங்கித் தாலி கட்டினான்.

சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரம், லைட் பச்சையானது. ஊரே கைதட்ட, மாமா பிளக்கைப் பிடுங்கினார். கொம்பையா புதுப்பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பப் போனான்.

"ஏலே, நில்லு! ராத்திரி முழுக்க ஏத்துன சார்ஜுலே! ஓட்டினா தீந்துபோவாதா?" என்று மாமா கத்தினார்.

கொம்பையாவுக்குச் சுரீரென்று உறைத்தது. கீழே குதித்து, பெண்ணையும் கைகொடுத்து இறக்கி, இருவருமாக ஊர்வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மருமகன்னா இப்படில்லா இருக்கணும்! சொந்த வண்டியும் இருக்கு, சார்ஜும் அப்படியே இருக்கு."