கீழத்தெருத் தொட்டிக்கு ஒரு சால்வை

வார்டுக்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி அனுமதியானது. மேலத்தெருவில் வைப்பதா, தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் கீழத்தெருவில் வைப்பதா? கவுன்சிலர் எழிலரசி மேலத்தெருக்காரர்தான். ஆனாலும் தானாக முடிவெடுக்காமல் வார்டு வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். "ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி வரை போடலாம். ஜெயிக்கிற தெருவுக்குத் தொட்டி" என்று வாக்குக் கொடுத்தார். யார் எதற்குப் போட்டார்கள் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும். போட்டதை மாற்றவும் செய்யலாம்.

கீழத்தெருச் சிங்கராயருக்கு எரிச்சல். அந்தத் தண்ணீருக்காக வாலிபம் முழுக்க மறியல் செய்தவர் அவர். மேலத்தெருவைத் 'தாகமறியாச் சீமான்கள்' என்று வைது நோட்டீஸ் அடித்தவர். "ரோட்டுல உக்காந்து கேட்டதை, விரலால தடவி வாங்கப் போறீங்களாக்கும்!" என்றார். ஆனாலும் ஓட்டைப் போட்டார்.

ஞாயிறு மதியம் மேலத்தெரு ஒரே ஓட்டில் முந்தியிருந்தது. இப்போதே முடித்துவிடு என்று எழிலரசியைச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். அவர் அசையவில்லை.

அப்போது, எழுதத் தெரியாத கீழத்தெரு ராக்கம்மாளின் குரல் குழுவில் வந்தது. "அண்ணே, அக்கா, இடுப்புல பிள்ளை, தலையில குடம். தண்ணி எடுத்துட்டுத் தண்டவாளம் தாண்டுறப்ப ரயில் வந்தா எதைப் போட்டுட்டு ஓட?"

மேலத்தெரு மாவு மில் நல்லதம்பி அதைக் கேட்டார். மேலத்தெரு ஜெயித்தால் தொட்டி வருவதாக இருந்தது அவருடைய மில் வாசலுக்கு. ஓட்டை மாற்றிப் போட்டார். ஆறு மணிக்குக் கீழத்தெரு ஒரு ஓட்டில் வென்றது.

"என்ன நல்லதம்பி, வீடு மாறிட்டியா?" என்று மேலத்தெருக்காரர்கள் கேலி செய்தார்கள்.

"வீடு அங்கேயேதாண்ணே இருக்கு. ஓட்டுதான் மாறிச்சு."

அதன்பின் மேலத்தெருவில் பாதிப் பேர் வேறு மில்லுக்குப் போனார்கள்.

தொட்டி திறந்த அன்று கீழத்தெரு ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தது. அது தன் தோளுக்குத்தான் என்று சிங்கராயர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். சால்வையை அவர் கையில் கொடுத்து, "யாருக்குப் போடணும்னு நீங்களே சொல்லுங்கய்யா" என்றார்கள்.

வாக்குத் தவறாத எழிலரசிக்கா, குரல் கொடுத்த ராக்கம்மாளுக்கா, ஓட்டை மாற்றிய நல்லதம்பிக்கா, காலமெல்லாம் போராடிய தனக்கேவா? கதை கேட்டவர்களே, சால்வை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: எழிலரசி செய்தது பெரிது, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பது அவருடைய கடமை. ராக்கம்மாளும் சிங்கராயரும் தங்கள் தெருவுக்குக் கேட்டார்கள், கேட்டது கிடைத்துவிட்டது. நல்லதம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாசலுக்கு வரவிருந்த தண்ணீரை, தன் தெருவே பார்க்கப் பெயரோடு விட்டுக்கொடுத்தவர் அவர். மேலத்தெருவை வைது நோட்டீஸ் அடித்த கையாலேயே சிங்கராயர் அவருக்குச் சால்வை போர்த்தினார். "உன்னையும் சேர்த்துத்தான் திட்டினேன், தம்பி" என்றார். புதுத் தொட்டியின் முதல் செம்புத் தண்ணீரை ராக்கம்மாள் நல்லதம்பியிடம் நீட்டினாள்.