எடை போட்டுப் படித்த இங்கிலீஷ்

கங்கைக் கரையில் ஒரு செங்கல் சூளை. அங்கே நாலு பேர் கல் சுமந்தார்கள். லோட்டன், பிசேசர், ஜங்கி, டீக்கா. பேசுவது இந்தி. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். குறுக்கே பேசக் கூடாது.

பக்கத்து டவுனில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல். இங்கிலீஷ் தெரிந்த நாலு ஆள் வேண்டுமாம். நிழலில் வேலை. சூளையில் வெந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

வாத்தியாரிடம் போனார்கள். அவர் தடியாக ஒரு புத்தகம் கொடுத்தார். இந்திக்காரர்களுக்கென்றே ஏ, பி, சி வரிசையில் எழுதிய உயர்ந்த இங்கிலீஷ் சொற்கள்.

"ஒரு மாசம்தான் இருக்கு. பங்கு போட்டுப் படிங்க. மேனேஜர் முன்னால இந்தி வாயில வரக் கூடாது" என்றார். அவர் மேல் தப்பில்லை.

புத்தகத்தைக் கிழித்து, காய்கறிக்காரன் தராசில் வைத்து நாலு பங்கு போட்டார்கள். முதல் எழுத்துகள் லோட்டனுக்கு. கடைசி எழுத்துகள் டீக்காவுக்கு. அவன் பங்கு எடை குறைந்தது. ஒரு வெங்காயம் வைத்துச் சரிக்கட்டினார்கள். மாசம் முழுக்க அவன் அதையும் உரித்து உரித்துப் படித்தான். அழுதுகொண்டே படிக்கிறானே என்று ஊரில் நல்ல பெயர்.

அடுத்தவன் சொல்லை யாரும் தொடவில்லை. தொட்டால் திருட்டு.

நாள் வந்தது. ஓட்டல் வாசலில் காவல்காரன் லோட்டனைப் பார்த்து, "செருப்பெல்லாம் வெளியே. நாய் தூக்கிட்டுப் போயிடும், நீ நின்னு பாத்துக்கோ" என்றான். லோட்டன் நின்றான். மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மூவரும் விழித்தார்கள். நல்ல மனுஷன். இந்திக்கு மாறினார்.

"போகட்டும், பழகிக்கலாம். ஆள் அவசரம். வேலை வேணுமா, வேண்டாமா?"

ஒரு நிமிஷம் என்பதுபோல் விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மூவரும் வெளியே ஓடினார்கள். மேனேஜர் முன்னால்தானே இந்தி கூடாது?

"ஆமான்னு சொல்லணும். அந்தச் சொல் யார்கிட்ட இருக்கு?" என்றான் பிசேசர்.

"அஃபர்மேட்டிவ். என்கிட்டதான்" என்றான் லோட்டன்.

"உள்ள போய்ச் சொல்லு. செருப்பை நான் பாத்துக்கறேன்."

"உன்னையா பாக்கச் சொன்னான்? என்னையில்ல சொன்னான்!"

"அப்ப நான் சொல்லிடவா அண்ணே?" என்றான் டீக்கா.

"அடப்பாவி! அவன் ஒரு மாசம் தொண்டை வறளப் படிச்சது. நோகாம நீ எடுத்துக்குவியா?" பிசேசர் கையை ஓங்கினான். டீக்கா காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

ஜங்கி தொண்டையைக் கனைத்தான். "வேண்டாம்ங்கறதுக்கு என் பங்குல ஒண்ணு இருக்கு. சொந்தச் சொல்லு. வெறும் வாயோட போய் நிக்கறதுக்கு அது மேல்."

எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

ஜங்கி உள்ளே போய் நெஞ்சை நிமிர்த்தினான். "நெகட்டிவ்!"

மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உச்சரிப்பில் ஒரு குறையில்லை. ஜங்கியின் முதுகைத் தட்டிக்கொண்டே சூளைக்கு நடந்தார்கள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை.

சூளை முதலாளி அவர்கள் காலைப் பார்த்தார். "ஏண்டா, வெறுங்காலோடயா கொதிக்கற சூளை மேல ஏறப் போறீங்க?"

இப்போது லோட்டன் கூடவே இருந்தான். ஒரு மாசப் படிப்பு. விடுவானா?

"அஃபர்மேட்டிவ்!"