கெளுத்தி கேட்ட குமிழி

கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஒரு கௌராமி மீன் இருந்தது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால் அதற்கு மூச்சுக்குக் குறைவில்லை. குஞ்சு பொரிக்க அது நுரையால் கூடு கட்டும். தண்ணீருக்குள் காற்றை ஊதும் ஏர் மோட்டார் கிளப்பும் குமிழிகள் அந்தக் கூட்டை ஓயாமல் உடைத்துவிடும்.

ஒருநாள் வீட்டுக்காரர் தேவசகாயம் மலையோடையிலிருந்து சின்னக் கெளுத்தி ஒன்றைப் பிடித்துவந்து அந்தத் தொட்டியில் விட்டார். அது குமிழி வரும் இடத்தை விட்டு நகரவே இல்லை.

“என்ன தம்பி, அங்கேயே தவம் கிடக்கிறே?” என்று கேட்டது கௌராமி.

“இங்கேதான் அண்ணே கொஞ்சம் மூச்சு வருது. எங்க ஓடையிலே தண்ணி ஜில்லுன்னு ஓடிக்கிட்டே இருக்கும்.”

“ஓடைப் பெருமையெல்லாம் ஓடையோட போச்சு! இந்தப் பாழாய்ப்போன குமிழி நின்னாத்தான் என் குஞ்சுங்க பிறக்கும்!”

“ஐயோ, நின்னா நான் செத்துடுவேன் அண்ணே!”

“சாவானேன்? என்னை மாதிரி மேலே வந்து ஒரு வாய் காத்தைக் குடி! சோம்பேறி!”

அன்றிலிருந்து கௌராமி இரையைத் தொடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. எல்லாம் நடிப்பு! தேவசகாயம் ஏமாந்துபோனார்.

“பாவம், குமிழிக்குப் பயப்படுது போல” என்று மோட்டாரை நிறுத்தினார்.

சித்திரை வெயில். தண்ணீர் வெதுவெதுத்தது; அதில் கலந்திருந்த காற்றும் குறைந்தது. நுரைக்கூடு பூரித்து வளர்ந்தது. கெளுத்தி தள்ளாடி மேலே வந்து வாயைப் பிளந்தது.

“அப்படித்தான் தம்பி! விழுங்கு, விழுங்கு!”

“விழுங்கிட்டேன் அண்ணே... மூச்சாக மாட்டேங்குதே!”

கௌராமிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. ஓடிப்போய்க் கண்ணாடியில் முட்டியது. திரும்பத் திரும்ப முட்டியது. தேவசகாயம் எழுந்து வந்தார்.

“அடடே, ரெண்டு பேருக்கும் பசியா!” என்று கை நிறையத் தீனி போட்டார்.

தீனி ஊறி அடியில் இறங்கியது. அதோடு கெளுத்தியும் இறங்கியது. பிறகு எழவே இல்லை.

செத்த மீனை வலையால் எடுத்தவர், தண்ணீர் கெட்டுவிட்டது என்று மோட்டாரை மறுபடி போட்டார். குமிழிகள் எழுந்தன. கூடு சிதறியது. கௌராமி அதைத் தடுக்கவும் இல்லை, திரும்பக் கட்டவும் இல்லை. கெளுத்தி கிடந்த இடத்தில் போய் நின்றுகொண்டது.

தன் உடம்புக்கு ஒத்துக்கொள்வது எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பவன், அடுத்தவர் உயிர் போன பிறகுதான் தன் தவறை உணர்வான்.