சிலுவையில் எழுத ஒரு பெயர்

உப்பளங்களைத் தாண்டி, கடலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய ஜெப ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் எஸ்தரம்மா. அவரிடம் பல ஆண்டுகள் இருந்து படித்தவர் வேதமுத்து. இப்போது ஐம்பதை நெருங்கிவிட்ட ஊழியக்காரர். ஊரெல்லாம் அவருக்கு நாற்காலி போட்டாலும், அம்மா முன்னால் உட்காரமாட்டார்.

வேதமுத்துவுக்குக் கடவுளின் நாமங்கள் தண்ணீர்பட்ட பாடு. யேகோவாயீரே, யேகோவா ராப்பா, யேகோவா ஷாலோம், எல்ஷடாய், இம்மானுவேல் என்று எடுத்தால் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருப்பார். நாம ஜெபம் என்பார்கள் அதை. தொடங்கிவிட்டால் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. சங்கிலி அறுந்துவிடுமாம். நாமங்களைக் கற்றுக்கொடுத்தது அம்மா. இந்தச் சட்டம் மட்டும் வேதமுத்துவின் சொந்தச் சரக்கு. கூட்டம் சேரச் சேரச் சட்டமும் இறுகியது.

அன்று காலை அவர் வந்தபோது வெள்ளைச் சட்டை கசங்கிக் கிடந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு மரச்சிலுவைக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் கல்லறைக்குச் சிலுவை ஆசிரமத்திலிருந்துதான் போகும்.

"அம்மா, நாமத்துக்கு வல்லமை இருக்கா, இல்லையா?"

"என்ன நடந்துச்சு?"

"உப்பளக் காலனியில ஒரு சகோதரி. நேத்து மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போகட்டும்னு என்னைக் கூப்பிட்டாங்க. ராப்பா, குணமாக்குற கர்த்தரேன்னு உருகி உருகிக் கூப்பிட்டேன் அம்மா. கடைசி நாமத்தைச் சொல்லி முடிக்கையில சகோதரி போயிட்டாங்க."

"உனக்குத் தெரிஞ்சவளா?"

"நம்ம சபைதான். போன வருஷம் கடல்ல முக்கி ஞானஸ்நானம் குடுத்ததே நான்தான். புதுப் பேரு வச்சதும் நான்தான்."

"ஆட்டோ?"

"நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு."

"யாருமே எந்திரிக்கலையா?"



"அவங்க வீட்டுக்காரர் எந்திரிச்சார். கையைக் காட்டி உக்கார வச்சேன். மறுபடியும் எந்திரிச்சார். மறுபடியும் உக்கார வச்சேன். நடுவுல விட்டா..."

"சங்கிலி அறுந்துரும்."

அம்மா தூரிகையைத் துடைத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினார் வேதமுத்து. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சாயங்காலம் அடக்கம். சபையார் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்லுதாங்க. வாயைத் திறந்தா ஒண்ணும் வராதுபோல இருக்கு. நாமம் பொய்யா, இல்ல என் நாக்கு அசுத்தமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்கம்மா."

எதைச் சொன்னாலும் அவருக்கு நிம்மதிதான். நாமம் பொய் என்றால் பழி மேலே போய்விடும். நாக்கு அசுத்தம் என்றால் உபவாசம் இருந்து கழுவிக்கொள்ளலாம். அம்மாவுக்கு இது தெரியாதா என்ன!

"வேதத்துல 'என்னைக் காண்கிறவர்'னு ஒரு நாமம் இருக்கே. அதைக் கர்த்தருக்கு வச்சது யாரு?" என்று கேட்டார் அம்மா.

இது வேதமுத்துவுக்குக் கைவந்த பாடம். "வனாந்தரத்துக்கு ஓடிப்போன ஒரு அடிமைப்பெண்ணு."

"அவளை அவ எஜமானும் எஜமாட்டியும் என்னன்னு சொல்லுவாங்க?"

"அடிமைப்பெண்ணுன்னுதான். பேர் சொன்னதா எங்கேயும் இல்ல."

"வனாந்தரத்துல?"

"அவளைத் தேடிவந்த கர்த்தரோட தூதன்தான் முதல்ல அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"சரியாத்தான் படிச்சிருக்க" என்றார் அம்மா. அது பாராட்டுப்போல ஒலிக்கவில்லை.

சிலுவையின் வெள்ளை காய்ந்திருந்தது. அம்மா அதை அவர் பக்கம் நகர்த்தி, கறுப்பு பெயின்ட் டப்பாவையும் சிறிய தூரிகையையும் பக்கத்தில் வைத்தார்.

"இது அவளுக்குத்தான். பேரை எழுது."

அம்மா முன்னால் முதல்முறையாக வேதமுத்து தரையில் உட்கார்ந்தார். தூரிகையைத் தோய்த்தார். குனிந்தார். கை அப்படியே நின்றது.

கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றது நினைவுக்கு வந்தது. நனைந்த சேலை, நடுங்கிய தோள், கரையில் துண்டோடு நின்ற புருஷன், எல்லாம் வந்தன. எந்தப் பெயரைச் சொல்லி அவளை முக்கினோம்? கண்ணை மூடித் தேடினார். யேகோவாயீரே வந்தது. யேகோவா ஷாலோம் வந்தது. எல்ஷடாய் வந்தது. வேண்டாம் என்றாலும் வரிசையாக வந்து நின்றன. அவள் பெயர் வரவில்லை.

கறுப்புச் சொட்டு ஒன்று வெள்ளைப் பலகையில் விழுந்து வழிந்தது.

"சகோதரின்னே கூப்பிட்டுப் பழகிட்டேன்" என்றார். "உங்களுக்குத் தெரியுமேம்மா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

வேதமுத்து தூரிகையை மறுபடியும் தோய்த்தார். அம்மா பெயின்ட் டப்பாவை மூடினார். சிலுவையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ. கையைக் காட்டி உக்கார வச்சியே, அவன்ட்ட போய்க் கேளு."