ஆயறவளுக்கு ஓர் அறை

இருட்டின பிறகு ஆராய்ச்சி விடுதியின் நடையில் ‘டொக்... டர்ர்ர்...’ என்று ஒரு விநோதச் சத்தம் கேட்டது. இரண்டு வயது மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைசி அறையிலிருந்து எட்டிப்பார்த்தாள் சமையல்காரி அமலோற்பவம். இயக்குநர் இரத்தினசபாபதி கைத்தடியால் ஒவ்வொரு கதவையும் தட்டி, அப்படியே சுவரில் இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஆராய்ச்சி மாணவர்கள்.

“இது ஆய்வு செய்கிறவர்கள் விடுதி. உனக்கென்ன இங்கே அறை? இப்பவே காலி பண்ணு!”

“பச்சைப்பிள்ளையோட இந்த இருட்டில எங்கே சார் போவேன்?”

“மருத்துவம், விவசாயம், பொருளாதாரம், கல்வி. இந்த நாலு துறையிலும் நீ ஆய்ந்ததைக் காட்டு, அறை உனக்கே!” என்று மாணவர்களைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

அவள் சட்டென்று ஒரு முறம் கீரையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“உங்க வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி ஆய்ஞ்சேன், அது மருத்துவம். பூச்சி அரிச்ச இலையைப் பிரிச்சேன், விவசாயம். இளந்தண்டை வீசாம குழம்புக்கு வெச்சேன், பொருளாதாரம். கீரையில இருந்த காயை உருட்டி உருட்டி இவன் ஒண்ணு ரெண்டு சொல்றான், அது கல்வி.”

“கீரை ஆயறதெல்லாம் ஒரு ஆய்வா? வெட்டி வேலை!”

“வெட்டி வேலைன்னா விட்டுடறேன் சார். நாளையிலிருந்து ஆயாமலே சமைக்கிறேன்.”

“ஐயையோ! ஆயாத கீரையை மனுஷன் தின்பானா?” என்று அலறிவிட்டார் இயக்குநர்.

“அப்ப ஆயறவ இங்கே இருக்கணும்னு நீங்களே சொல்லிட்டீங்க!”

நடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. “சார், நாங்க இந்த வருஷம் இன்னும் ஆயவே ஆரம்பிக்கலை!” என்றான் ஒரு மாணவன்.

இயக்குநர் தடியை அக்குளில் செருகிக்கொண்டு வந்த வழியே நடையைக் கட்டினார். அமலோற்பவம் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.