படுக்கையும் வளையமும் பேச்சிமுத்துவின் மூச்சும்

ஓர் ஊர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் ஒரு படுக்கையும் ஒரு வளையமும் குடித்தனம் நடத்தின. ஆளைச் சுமந்துகொண்டு வளையத்துக்குள் நகர்வது படுக்கையின் வேலை. ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிப் பார்ப்பது வளையத்தின் வேலை. ஒன்று நகர, ஒன்று சுற்ற, காலில் கட்டுத்துணி சுற்றுவது போல அந்தப் பார்வை உடம்பின்மேல் விழும்.

கட்டு எவ்வளவு நெருக்கமாக விழவேண்டும் என்பதில்தான் நித்தமும் சண்டை.

"நான் ஒரு சுத்து முடிக்கதுக்குள்ள நீ எங்கயோ போயிடுத. நடுவுல விட்டுப்போனத யாரு பாக்கது?" என்றது வளையம்.

"பாத்த இடத்தையே எத்தன தடவ பாப்ப? அம்புட்டுக் கதிரும் உனக்கா சேருது? என் மேல படுத்திருக்கவருக்குல்லா சேருது" என்றது படுக்கை.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. வம்பே அதுதான்.

வேகத்தை அமைப்பவள் ஸ்கேன் எடுக்கும் ஹெப்சிபா. பொத்தான் அவள் கையில். அவள் காதைக் கடிப்பது இவை இரண்டும்.

ஒருநாள் பஞ்சாலையில் வேலைபார்க்கும் பேச்சிமுத்து வந்து படுத்தார். அவர் நெஞ்சில் ஏதோ கட்டி இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

"வெளிய கூட்டம் நிக்கி, வேகமா ஓட்டு" என்றது படுக்கை. ஹெப்சிபா ஓட்டினாள்.

படத்தைப் பார்த்த டாக்டர், "இருக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இன்னொருக்க எடுங்க" என்றார்.

வளையத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இந்தமுறை அது சொன்னபடி படுக்கை ஊர்ந்தது. படம் கலங்காமலிருக்க மூச்சை அடக்கிப் படுத்திருந்த பேச்சிமுத்துவுக்குப் பாதி வழியில் மூச்சு முட்டி, இருமல் பீறிட்டது. படம் முழுக்கக் கலங்கல். மனுஷன் இரண்டு முறை கதிர் வாங்கியதுதான் மிச்சம். கொஞ்சமும் கூச்சமில்லாமல் இரண்டும் அவரை நடுவில் வைத்துக்கொண்டே சண்டையைத் தொடர்ந்தன.

அப்போது அவர் நெஞ்சுக்குள்ளிருந்து களைத்துப்போன மூச்சு பேசியது. "தம் கட்டினது நான். என்னால எவ்வளவு முடியும்னு ஒருத்தரும் கேக்கலியே."

சண்டை பாதியில் நின்றது. ஹெப்சிபாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்பை விட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, படம் அப்புறம் எடுப்போம். மொதல்ல மூச்ச இழுத்துப் பிடிங்க. முடியலன்னா விட்டுருங்க."

அவர் பிடித்தார், விட்டார். அவள் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டாள். சந்தேகப்பட்ட இடம் மட்டும் போதும் என்று படுக்கை போகும் தூரத்தைக் குறைத்தாள். அந்த மூச்சுக்குள் முடியும்படி வேகத்தை வைத்தாள். பார்வைக் கட்டின் சுற்றுகள் ஓரத்தோடு ஓரம் தொட்டபடி விழுந்தன. அவர் மறுபடி பிடித்த மூச்சை விடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மிளகளவில் ஒரு புள்ளி தெளிவாகத் தெரிந்தது. "சின்னதுதான், சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர். பேச்சிமுத்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அழுதார். பாவம், அவரும் எவ்வளவுதான் தாங்குவார்.

படுக்கைக்கும் வளையத்துக்கும் பரம சந்தோஷம். சண்டை தீர்ந்தது, இனி எல்லோருக்கும் இதுதான் வேகம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தன.

கதவு திறந்தது. வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு ஒரு தாய் உள்ளே வந்தாள். ஸ்கேன் சீட்டில் இருந்தது குழந்தையின் பெயர்.