உப்புப் போடாத கீரை

“நிலத்தை வித்துடட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமை பத்திரம்.”

கேட்ட மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. கேட்கப்பட்ட துறவி உலகாம்பாளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

“நிலத்துக்கு என்ன?”

“புயலப்ப கடல் உள்ள வந்துட்டுப் போச்சு. நாலு ஏக்கரும் உப்புப் பூத்துக் கிடக்கு. நெல்லு வரல. கேழ்வரகு வரல. முருங்கை வச்சேன், கருகிப் போச்சு. இறால் குட்டை போடுறவங்க கேக்குறாங்க.”

“ஒண்ணுமே முளைக்கலையா?”

“தடிச்ச இலையா ஒரு கொடி படருது. நம்ம ஊருச் செடியே இல்ல. எப்பவோ கப்பல்ல வந்து இறங்கினதாம். உரமாவாவது ஆகட்டும்னு வருசாவருசம் மடக்கி உழுதுடுறேன்.”

“தின்னலாமா?”

“ஆடு தின்னுது.”

“அப்ப நானும் தின்னலாம். சமைச்சுக் கொண்டாங்க.”

நிலமே கைவிட்டுப் போகிறது, இந்தப் பெண் கீரை கேட்கிறதே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை கொண்டுவந்தார். உலகாம்பாள் ஒரு வாய் வைத்தார். துப்பினார்.

“கரிக்குது. உப்புப் போட்டீங்களா?”

“போடாம எப்படிம்மா கீரை கடையுறது?”

“நாளைக்குப் போடாம கொண்டாங்க.”

மறுநாள் புளியும் மிளகாயும் மட்டும் போட்டுக் கடைந்தார். “யாருக்கு இந்தப் பத்தியச் சாப்பாடு?” என்று மனைவி சிரித்தாள். உப்பு ஜாடி இருந்த பக்கமே அவர் போகவில்லை.

உலகாம்பாள் சோற்றில் பிசைந்து, ஓர் உருண்டையை அவர் கையில் வைத்தார்.

மாசிலாமணி வாயில் போட்டார். உப்பு சரியாக இருந்தது.

“சத்தியமா நான் போடலம்மா.”

“தெரியும். பின்ன எங்கேருந்து வந்துச்சு?”

“நிலத்துலேருந்து...”

சட்டியைப் பார்த்தார். நாக்கால் உதட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“அடப்பாவி. கொடி மேல கொண்டாந்த உப்பையெல்லாம் உழுது உழுது திரும்ப உள்ளயே தள்ளியிருக்கேனே!”

உலகாம்பாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு ஏக்கர் உப்பும்மா. தின்னுத் தீருமா?”

உலகாம்பாள் தட்டை அவர் பக்கம் நீட்டினார். மாசிலாமணி ஒரு கரண்டி கீரை போட்டார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார் மெதுவாக.

“நாளைக்கும் எனக்குப் பசிக்கும்.”